இருபத்து நான்காவது சொல்

துறைமுகக் குடியிருப்பின் பதினேழாம் எண் வீட்டுக்கு இருந்த ஒரே கதவு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இல்லாமற்போயிற்று. வழக்கம்போலப் பால் பையைக் கைப்பிடியில் மாட்டப்போன பால்காரர், கைப்பிடி இருந்த உயரத்தில் வெள்ளையடித்த சுவரைத் தொட்டார். மற்ற வீடுகளுக்கு நேரமாகிவிட்டதால் பையைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துச் சென்றார். வாசலின் இரண்டு படிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவை சுவரில் போய் முடிந்தன. அழைப்பு மணியின் பொத்தானும் இருந்தது; அழுத்தினால் உள்ளே மணி அடித்தது.

அழுத்தியவள் எதிர்வீட்டுப் பாக்கியத்தாய். இட்டிலி மாவு அரைத்து விற்பவள். குடியிருப்பில் எவருக்கும் தெரியுமுன் எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். மணியோசை கேட்டு, அவ்வீட்டில் தனியாக வாழ்ந்த சந்தனராஜ் சன்னலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, கதவு எங்க?"

"எனக்கும் அதாம் தெரியல. உள்ள இருந்து பாத்தாலும் சொவராத்தான் இருக்கு."

"ராத்திரி பூட்டுனியளா?"

"பூட்டிட்டுத்தான படுத்தேன்."

"ரொம்பப் பூட்டிட்டிய போல," என்றாள் பாக்கியத்தாய். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதை முந்தின நாள் மாலையிலேயே கேட்டு முடித்திருந்தாள்.

அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டின் இரண்டாவது சாவியும் எதிர்வீட்டிலோ அடுத்த வீட்டிலோ தொங்கும். கப்பல் வரும் நேரத்தையொட்டி ஆண்கள் மூன்று ஷிப்டாகப் பிரிந்து வேலைக்குப் போவதும், பெண்கள் மீன் வாங்கவும் மருத்துவமனைக்கும் கோவிலுக்கும் போவதும், ஒருவர் வரும்போது மற்றவர் வீட்டில் இல்லாததும் வழக்கமாகிப்போய், சாவியைப் பிறரிடம் விடுவதும் வழக்கமாகிவிட்டது. அதை யார் தொடங்கினார் என்பது எவருக்கும் நினைவில்லை. பாக்கியத்தாயின் அடுக்களைக் கதவின் பின்புறம் பன்னிரண்டு ஆணிகளில் பன்னிரண்டு சாவிகள் தொங்கின. திங்கட்கிழமை மாலை சந்தனராஜ் வந்து தம் சாவியைத் திருப்பிக் கேட்டார்.

"எதும் காணாமப் போச்சா அண்ணாச்சி?"

"காணாமப் போகக்கூடாதுன்னுதான்," என்று சொல்லிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பன்னிரண்டாவது ஆணி அன்று முதல் வெறும் ஆணியாயிற்று.

சந்தனராஜ் முப்பத்தோர் ஆண்டுகள் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களின் சீல்களைச் சரிபார்த்தவர். பெட்டகத்தின் கதவில் எண் பொறித்த இரும்பு சீல் ஒன்று மாட்டியிருக்கும். அது உடையாமலும் எண் மாறாமலும் இருந்தால், உள்ளே முத்து இருந்தாலும் குப்பை இருந்தாலும் அது அவருடைய கவலையன்று. முப்பத்தோர் ஆண்டுகளில் அவர் ஒரு பெட்டகத்தையும் திறந்து பார்த்ததில்லை. மனைவி இறந்த பிறகும், மகள் ஜெனோவா ஓசூருக்குப் போய்விட்ட பிறகும், வீட்டையும் தம்மையும் அவர் அந்த முறையிலேயே காத்துவந்தார். ஜெனோவா தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளையைப் பற்றி மூன்று பேரிடம் விசாரித்து, விவரத்தை ஓர் உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, திருமணத்துக்கு முந்தின வாரம் அவள் கையில் கொடுத்தவர் அவர். அவள் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே அவர் முன் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் ஒன்பது ஆண்டுகளாகக் கிறிஸ்துமசுக்கு ஒரு முறை தொலைபேசியில், தட்பவெப்பத்தைப் பற்றி மட்டும், தந்தையும் மகளும் பேசிவந்தார்கள்.

அந்த ஒன்பது ஆண்டுகளும் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் பிட்காயின் வாங்கிச் சேர்த்தார். எவருடைய கையெழுத்தும் எவருடைய தயவும் வேண்டாத பணம் என்று யாரோ சொல்லக் கேட்டது அவருக்குப் பிடித்திருந்தது. ஜெனோவாவுக்கென்றுதான் சேர்த்தார், அவளிடம் சொல்லவில்லை. பிறகு, மக்கள் தங்கள் காசுகளை ஒப்படைத்திருந்த இணையத் தளம் ஒன்று ஒரே நாளில் மூடப்பட்டுவிட்டதைச் செய்தியில் பார்த்தார். மறுநாளே கடைத்தெருவில் கைபேசிக் கடை வைத்திருந்த ஜெயசீலனிடம் போய், தம் காசைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வழி கேட்டார். ஜெயசீலன் ஹார்டுவேர் வாலட் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான். சந்தனராஜ் முதற்பெட்டியின் முத்திரை ஒட்டுத்தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்துத் திருப்பியனுப்பினார்; இரண்டாவதையும் திருப்பியனுப்பினார்; மூன்றாவதை ஏற்றுக்கொண்டார். பெருவிரல் அளவிலான அந்தக் கருவியைக் குடியிருப்பார் பென்டிரைவ் என்றே சொல்லிவந்தார்கள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி," என்றான் ஜெயசீலன். "காசு இதுக்குள்ள இல்ல. காசை நகத்துற சாவிதான் இதுக்குள்ள இருக்கு. இது தொலைஞ்சாக் கவலையில்ல, இது எழுதிக் காட்டுற இருபத்து நாலு வார்த்தையை வரிசை மாறாம வேற கருவில போட்டா எல்லாம் திரும்ப வந்துரும். வார்த்தை தொலைஞ்சா, இதச் செஞ்ச கம்பெனிக்காரனே வந்து நின்னாலும் ஒண்ணும் செய்ய முடியாது. போட்டோ எடுக்காதீங்க. மெயில்ல வைக்காதீங்க. யாரு கேட்டாலும், நானே கேட்டாலும் சொல்லாதீங்க. ஆனா உங்களுக்கு ஒண்ணுன்னா எங்க இருக்குன்னு, நீங்க நம்புற ஆளு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"நம்புற ஆளா," என்றார் சந்தனராஜ், கடையில் இல்லாத சரக்கின் விலையைக் கேட்பவரைப் போல.

வீட்டுக்கு வந்து, சன்னலைச் சாத்தி, கருவியின் சிறு திரை காட்டிய இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதி, அவற்றை ஓர் எஃகுத் தகட்டில் எழுத்தச்சு வைத்து ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பதித்து, தாளை அடுப்பில் எரித்து, சாம்பலைக் கரைத்து ஊற்றி, தகட்டை அரிசிப் பானையின் அடியில் புதைத்தார். பின்பு எதிர்வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கேட்டார். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை கதவு இல்லை.

கதவு போன வீட்டுக்கு முதலில் வரவழைக்கப்பட்டவர் உச்சிமாகாளிக் கொத்தனார். கதவு இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அவர் இடிக்கத் தொடங்கினார். ஒரு செங்கல்லுக்குப் பின்னால் இன்னொரு செங்கல் இருந்தது. அதற்குப் பின்னாலும் இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் முக்கால் அடிச் சுவருக்கு அப்பால் சந்தனராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிய, கொத்தனாரின் கடப்பாரை நான்கு அடி உள்ளே போயும் செங்கல்லையே சந்தித்தது.

"அண்ணாச்சி, நானும் வயித்துப்பாட்டுக்கு எத்தனையோ சொவர இடிச்சிருக்கேன்," என்று அவர் சன்னலுக்கு வந்து வியர்வையைத் துடைத்தார். "எந்தச் சொவருக்கும் அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கும். இதுக்கு இல்ல."

இடித்ததை அவரே பூசிக்கொடுத்துவிட்டு அரைநாள் கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். சன்னல் கம்பி ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அது முழுதாக இருந்தது. கைபேசியிலும், கதவு போன அன்றே, அந்த வீட்டுக்குள் மட்டும் தொடர்பு கிடைக்காமற்போயிருந்தது. ஆகவே குடியிருப்பு, எந்தக் குடியிருப்பும் செய்வதைப் போல, இருப்பதற்கு ஏற்றபடி நடந்துகொள்ளப் பழகியது. வீட்டுவரி எழுத வந்த மாநகராட்சி ஊழியர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவு இல்லை என்று எழுதத் தம் படிவத்தில் இடமில்லாததால், கதவு பூட்டப்பட்டிருந்தது என்னும் கட்டத்தில் குறியிட்டு நிம்மதியாகப் போனார். வீடு மந்திரிக்க வந்த பாதிரியார் சன்னல் வழியே தீர்த்தம் தெளித்தார். எரிவாயு உருளை சன்னலுக்குள் நுழையாததால் பாக்கியத்தாய் மூன்று வேளையும் சமைத்துக் கொடுத்தாள். கம்பிகளுக்கிடையே தட்டு சாய்ந்துதான் போகும் என்பதால் இட்டிலி ஒவ்வொன்றாகவும் தோசை சுருண்டும் அப்பளம் விளிம்பு வழியாகவும் போயின. வாசற்படிகள் இப்போது எவருக்கும் வழியாக இல்லாததால் பெண்கள் அங்கே உட்கார்ந்து இறால் உரித்தார்கள்; வெற்றுச் சுவர் நன்றாக அகலமாக இருந்ததால் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவின் பதாகையை அங்கே கட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கதவில்லாத வீடு எது என்று கேட்டால், மருந்துக்கடை எது என்று கேட்டவர்களுக்கு வழி சொல்வதைப் போல, இடப்பக்கம் மூன்றாவது என்று சொன்னார்கள்.

முதல் மாதம் சந்தனராஜ் மகிழ்ச்சியாகவே இருந்தார். காலையில் எழுந்ததும் கதவு இருந்த இடத்தில் சுவரை விரலால் தடவிப் பார்ப்பார். எங்கும் வெடிப்பில்லை, எங்கும் மாறுதலில்லை. எல்லாம் சரி என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். இரண்டாம் மாதத்தில் அப்படிச் சொல்வதைக் கேட்க ஆளில்லை என்பதைக் கவனித்தார். நடையோசைகளைக் கொண்டே ஆட்களை அறியத் தொடங்கினார். போகிறவர்கள் போன பிறகு அவர்கள் பெயர்களை மெல்லச் சொல்லிப்பார்ப்பார். உண்ட தட்டைக் கழுவித் துடைத்துச் சன்னலில் வைத்துவிட்டு, அதை எடுக்க வரும் கைக்காக அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

கதவு திரும்பிவர வேண்டுமானால் அவர் அந்தச் சொற்களை எவரிடமாவது சொல்லியாகவேண்டும் என்பது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எவரும் எவரிடமும் கேட்டு அதை அறியவில்லை. காற்றின் ஈரத்தைக் கொண்டு மழையை அறிவதைப் போல அறிந்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொருவராகச் சன்னலுக்கு வந்து, தம்மிடம் சொல்லலாம் என்றார்கள். பளுதூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்ற பிச்சையா நாற்காலியே கொண்டுவந்துவிட்டார்.

"ஏய் சந்தனராசு, ஒரே கேண்டீன்ல முப்பது வருசம் டீ குடிச்சிருக்கோம். என்கிட்டச் சொல்லாம யாருட்டடே சொல்லப்போற?"

"முப்பது வருசத்துல ஒரு நாளாவது நீ டீ வாங்கிக் குடுத்திருக்கியா?"

"அத இப்ப எதுக்கு இழுக்க?"

"சும்மா, ஞாபகம் வந்துச்சு. போயிட்டு வா."

அப்படி ஒவ்வொருவரையும் அவர் அனுப்பிவைத்தார். ஒருவரை அனுப்பிய மறுநாள் சன்னல் ஒரு கம்பியின் அளவு குறுகியிருந்தது. ஒன்பது கம்பிச் சன்னல் ஐந்து கம்பிச் சன்னலாயிற்று. பாக்கியத்தாய் சிறிய தட்டுகள் வாங்கினாள்.

பிச்சையா தோற்றுப்போனதை ஒத்துக்கொள்கிற மனிதர் அல்லர். முதற்சொல்லைச் சந்தனராஜ் தம் காதில் சொல்லிவிட்டதாகத் தேநீர்க் கடையில் சொல்லிவைத்தார். மறுநாள் காலையில் பிச்சையாவின் வீட்டுக் கதவு பாதி திறந்த நிலையில் இறுகி நின்றுவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் மரம் ஊதியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் குடியிருப்பு மழையிடம் விளக்கம் கேட்கவில்லை. அந்தச் சொற்களைத் தனியாக வைத்திருப்பவர் எவரோ அவர் வீட்டுக் கதவு போய்விடும் என்பது அன்று முதல் எல்லாருக்கும் தெரிந்ததாயிற்று. பிச்சையா தாம் சொன்னது பொய் என்று வீடுவீடாகப் போய்ச் சத்தியம் செய்தார். அதை மட்டும் எவரும் நம்பவில்லை.

அதன்பின் சன்னலுக்கு ஒருவரும் வரவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், நடையை விரைவாக்கிக்கொண்டார்கள், ஒரு சொல்லாவது தவறித் தங்கள் காதில் விழுந்துவிடக்கூடாது என்று கைக்குட்டையைக் காதை மூடித் தலையில் சுற்றிக்கொண்டார்கள். முன்பு அவர் ஒருவரை மறுத்தால் சுருங்கிய சன்னல், இப்போது ஒருவர் அவரிடம் நில்லாமற்போனாலும் சுருங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் அது ஓர் அஞ்சலட்டை அளவாகிவிட்டது. அந்த அஞ்சலட்டையில் சந்தனராஜின் முகம் முழுவதும் தெரியாது. கண் தெரிந்தால் வாய் தெரியாது, வாய் தெரிந்தால் கண் தெரியாது. "பிச்சையா, ஒரு நிமிசம் நில்லு," என்று அந்த வாய் ஒரு நாள் கூப்பிட்டது. பிச்சையா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஓடினார்.

நின்றவள் பாக்கியத்தாய் ஒருத்திதான். கஞ்சியைப் புனலில் ஊற்றி, ரப்பர்க் குழாய் வழியே உள்ளே பிடித்திருந்த செம்பில் இறக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:

"என்கிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. ஊர்ப்பட்ட வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. எங் கதவுக்கு ஒண்ணும் ஆகல."

நிறைந்த செம்பை உள்ளே கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"அது ஜெனோவாவுக்கு உள்ளது, பாக்கியம்."

"அப்ப அவள வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததே அவரிடமிருந்து அதுவரை எவருக்கும் கிடைக்காத பதில் என்பதை அறிந்த பாக்கியத்தாய், புனலைக் கழுவாமலே போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

ஜெனோவா மறுநாள் முற்பகலில் ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். அதற்குள் சன்னல் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவாகியிருந்தது. அவள் வியக்கவில்லை, அழவும் இல்லை, பையைப் படியில் வைத்துவிட்டு, குனிந்து, அந்தத் துளையருகே போனாள். அவள் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"செருப்ப மாத்திட்டியா? சத்தம் வேற மாதிரிக் கேக்கு."

"ஒம்பது வருசமாச்சுல்லப்பா. மாத்தாம இருப்பாங்களா?" என்றாள் ஜெனோவா. "எளச்சிட்டியளா?"

"தெரியல. என்னயப் பாத்துக்கிட வெளிச்சம் பத்தல."

"எனக்கு ஒங்க காசு வேண்டாம்ப்பா. நீங்க வெளிய வந்தாப் போதும்."

"வெளிய வரணும்னா நான் சொல்லணும். சொல்லணும்னா நீ வாங்கிக்கிடணும்."

ஓசூரில் அவளுடைய வீட்டின் கதவு பழுப்பு நிறமுடையது. மாலையில் கணவனும் இரண்டு பிள்ளைகளும் அதன் வழியாகத்தான் உள்ளே வருவார்கள். பாக்கியத்தாய் எதையும் மறைக்காமல் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தாள். ஜெனோவா பையிலிருந்து பென்சிலும் தாளும் எடுத்தாள்.

"சொல்லுங்க."

செய்தி பரவிய உடனே குடியிருப்பில் எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சிகள் உரக்க வைக்கப்பட்டன, மிக்சிகள் ஓடின, பாக்கியத்தாய் அரிசி போடாமலே கிரைண்டரைச் சுழலவிட்டாள், பாட்டு வைக்கக் கருவி இல்லாத ஒரு வீட்டில் எவர்சில்வர்த் தட்டைக் கரண்டியால் விடாமல் தட்டினார்கள். அந்தப் பேரிரைச்சலின் நடுவே தந்தையின் வாய் துளையின் ஒருபுறமும் மகளின் காது மறுபுறமும் இருந்தன. துறைமுகத்தில் சீல் எண் படிக்கும் முறையிலேயே அவர் சொன்னார்: ஒருவர் படிக்கவேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்லவேண்டும், படித்தவர் சரி என்ற பிறகுதான் அடுத்தது. முதற்சொல்லை அவர் சொன்னபோது குரல் வெளிவரவில்லை. அந்தச் சொற்களை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டாம் முறை வந்தது. அவள் திருப்பிச் சொன்னாள். "சரி," என்றார். பதினொரு மணிக்குத் தொடங்கியது ஒன்றேகாலுக்கு இருபத்து மூன்றாவது சொல்லுக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் பேசிய எல்லாப் பேச்சையும் கூட்டினாலும் அவ்வளவு நேரம் ஆகியிராது.

"சரி," என்றார் சந்தனராஜ், இருபத்து மூன்றாவதற்கு.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"அப்பா? இருபத்து நாலு?"

"அது வந்து," என்றார். "கதவு வரட்டும். நீ உள்ள வா. நேர்ல சொல்லுதேன்."

"அதச் சொன்னாத்தானப்பா கதவு வரும்?"

"ஒண்ணாவது என் கையில இருக்கட்டும்மா."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு சீலைத் தம் கையாலேயே கடைசியாக அழுத்திப் பார்த்துவிட்டு அகன்றவரின் கை, அந்தக் கடைசி அழுத்தத்தை மட்டும் விட மறுத்தது. அவர் சொல்லி முடிக்குமுன் துளை மூடிக்கொண்டது. ஜெனோவாவின் காதில் குளிர்ந்த சுண்ணாம்பு பட்டது. அழைப்பு மணியின் பொத்தான் இருந்த இடமும் வெறும் சுவராகிவிட்டது. பதினேழாம் எண் வீட்டில் உயிர் இருக்கிறது என்பதற்கு, வெளிச்சுவரில் விட்டுவிட்டு எரிந்த மின் மீட்டரின் சிவப்புப் புள்ளி ஒன்றே அடையாளமாயிற்று.

ஒவ்வொரு வீட்டிலும் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்த பாக்கியத்தாய் சுவரைப் பார்த்தாள்.

"உள்ள அரைப் பாக்கெட் ரஸ்க்கும் ஒரு செம்புக் கஞ்சியும்தான் இருக்கு," என்றாள். "அரிசி இருக்கு, வேக வைக்க அடுப்பு இல்ல."

ஜெனோவா சுவரை இரண்டு கைகளாலும் தட்டினாள், கத்தினாள். பின்பு தாளை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஜெயசீலனின் கடைக்கு நடந்தாள். ஒரு சொல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள்.

"எந்த வார்த்தை அக்கா?"

"கடைசி."

"கடைசியா?" ஜெயசீலன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "நடுவுல ஒண்ணு இல்லன்னா கொஞ்சம் கூட வேலை. கடைசி வார்த்தை மத்த வார்த்தை மாதிரி இல்லக்கா. முன்னால உள்ள இருபத்து மூணையும் பிழையில்லாம எழுதியிருக்கான்னு சரிபாக்குற வேலைதான் அதுக்குப் பெரும்பாலும். பட்டியல்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தை இருக்கு. அதுல எட்டுதான் கடைசி எடத்துக்குப் பொருந்தும். எட்டுல ஒண்ணுதான் உங்களுது."

"அப்ப, அந்த ஒண்ண ஒருத்தர் சொல்லாம வச்சுக்கிட்டா?"

"வச்சுக்கிட்டு என்ன செய்ய? உக்காந்து போட்டுப் பாத்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிரும்."

"எங்கப்பாவுக்கு இது தெரியுமா?"

ஜெயசீலன் தலையைச் சொறிந்தான். "நான் சொல்லலியேக்கா. ஒண்ண மட்டும் மறைச்சு வைப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

இணையத் தொடர்பில்லாத பழைய கணினி ஒன்றில் அந்த எட்டையும் கண்டுபிடிப்பது எப்படி என்று அவன் கற்றுக்கொடுத்தான். புதிய கருவி ஒன்றைப் பிரித்து, காசு இருக்கிறதா என்று காட்டும் கைபேசியோடு இணைத்து அவள் முன் வைத்தான். கடையின் இரும்புத் திரையைப் பாதி இறக்கிவிட்டு, வெளியே முக்காலி போட்டு, கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். உள்ளே ஜெனோவா இருபத்து மூன்று சொற்களையும் தட்டி, எட்டில் முதலாவதைக் கடைசியாக இட்டாள். கருவி மறுப்பில்லாமல் திறந்தது. காசு ஒன்றுமில்லை என்று காட்டியது. அழித்துவிட்டு இரண்டாவதை இட்டாள். அதுவும் திறந்தது, அதுவும் வெறுமையாக இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. எவரும் ஒருபோதும் குடியிருந்திராத வீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து எட்டிப்பார்த்துச் சாத்துவதைப் போல இருந்தது அவளுக்கு. ஏழாவதும் வெறுமையாகவே இருந்தது.

எட்டாவது சொல்லை அவள் இடவில்லை. ஏழும் பொய்யான பிறகு எட்டாவது மெய் என்பதற்குச் சான்று வேண்டியதில்லை. அதை இட்டால் தந்தையின் ஒன்பது ஆண்டுகள் முழுவதும் அந்தச் சிறு திரையில் எண்ணாக வந்து நிற்கும், அதைப் பார்க்க அவள் ஓசூரிலிருந்து வரவில்லை. கருவியை அழித்துத் துடைத்தாள், கணினியை அணைத்தாள், தாளை எடுத்துக்கொண்டு இரும்புத் திரையின் கீழே குனிந்து வெளியே வந்தாள்.

நான்கு மணி வெயில் பதினேழாம் எண் வீட்டின் சுவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. படிகளில் ஏறி நின்றாள். குடியிருப்பு முழுவதும் வந்திருந்தது; சிலர் நாற்காலிகளோடு வந்திருந்தார்கள்; பிச்சையா எல்லாருக்கும் பின்னால், ஓடுவதற்கு ஏற்ற இடத்தில் நின்றார்.

"யாரும் எதையும் போடாதீங்க," என்றாள் ஜெனோவா. "சத்தம் வேண்டாம். எங்கப்பாவுக்குக் கேக்கணும்."

சுவரோடு வாயை வைத்து, அந்தச் சொல்லைச் சொன்னாள். மீண்டும் ஒரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். அது ஒரு சாதாரணச் சொல், எல்லா வீட்டிலும் கிடக்கும் ஒரு பொருளின் பெயர். அதை இங்கே எழுதுவது முறையன்று.

"அப்பா, நீங்க சொல்லல. நானே கண்டுபிடிச்சேன். அது பூட்டே இல்லப்பா. மத்ததச் சொன்னாலே அது தானா வந்துரும். உங்ககிட்ட இப்ப மறைச்சு வைக்க ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமாவும் இல்ல, கோவமும் இல்ல. அரிசிய ஊற வச்சுத் தின்னுக்கிட்டு எத்தன நாள் இருப்பிய?"

சுவர் சுவராகவே நின்றது. கூட்டத்தில் ஒருவர் தும்மினார். இரண்டு மூன்று பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மீண்டும் இந்தப் பக்கம் திரும்பியபோது கதவு இருந்தது. பச்சை வண்ணம், இடப்பக்கம் சிறிது உரிந்த சட்டம், பித்தளைக் கைப்பிடி. போனபோது எவரும் பார்க்காததைப் போலவே வந்தபோதும் எவரும் பார்க்கவில்லை. பாக்கியத்தாய் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள், பசியோடு இருப்பவருக்கு எதை முதலில் கொடுப்பது என்று யோசித்தபடியே.

கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. அது சாதாரணத் தாழ்ப்பாள். அதற்கு எண்ணும் கிடையாது, சொல்லும் கிடையாது. உள்ளே நிற்பவர் கையால் நகர்த்தவேண்டும், அவ்வளவே. அதன் பின்னால் ஒருவர் வந்து நிற்கும் ஓசை கேட்டது.

"யாரு?"

"நான்தாம்ப்பா."

"கூட யாரு?"

ஜெனோவா திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம், கூட்டத்தில் சிலர் அதையே சைகையாகக் கேட்டார்கள்.

"எல்லாரும் நிக்காங்கப்பா."

"போகச் சொல்லு," என்றது குரல். பிறகு, இன்னும் தாழ்ந்து, "மொகம் செரைக்கல," என்றது.

ஒருவரும் மனம் நோகவில்லை. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டார்கள். பாக்கியத்தாய் முதலில் போனாள்; வாசலில் ஒரு கணம் நின்று, பின்பு உள்ளே போய்த் தன் கதவைச் சாத்தினாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டார் சாத்தினார்கள். அதற்கு அடுத்த வீட்டார் சாத்தினார்கள். கடைசியாகப் பிச்சையாவும் சாத்திக்கொண்டார். பட்டப்பகலில், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தூரத்தில் அசைந்துகொண்டிருக்க, அந்தக் குடியிருப்பின் எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. தெருவில் வெயிலும், படியில் ஒரு பெண்ணும், அவள் பையும் மட்டும் இருந்தன.

உள்ளே தாழ்ப்பாள் ஒரு விரற்கடை நகர்ந்தது; நின்றது; மறுபடியும் நகர்ந்தது.

ஜெனோவா கதவைத் தள்ளவில்லை.